கடைசி நிறுத்தத்துக்கு மேலே

மலையடிவாரத்துக்குப் போகும் பேருந்தை அவர் இருபது வருஷத்துக்கும் மேலாக ஓட்டினார். ஊருக்குள்ளே ஓடும் தடங்களுக்காக மற்ற டிரைவர்கள் முண்டியடித்துக்கொண்டிருந்த காலத்திலும், “எனக்கு இதுவே போதும்ப்பா, சிக்னல் கம்மி, சண்டையும் கம்மி” என்று அந்த ஒரே தடத்தைப் பிடித்துக்கொண்டார். அதனால் டெப்போவில் அவருக்கு ‘கடைசி ஸ்டாப்பு’ என்று பெயர் விழுந்துவிட்டது. மேலதிகாரிகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

கடைசி நிறுத்தத்தில் ஒரு டீக்கடை, ஒரு கழிப்பறை, வண்டி திரும்ப ஒரு வட்டம். அதற்கு மேல் ரோடு கிடையாது, மலைப்பாதைதான். விடுமுறை நாட்களில் முதுகில் பையும் கையில் குச்சியுமாக ஒரு கூட்டம் இறங்கும். அவர் முன்சக்கரத்தில் சாய்ந்தபடி டீ குடித்துக்கொண்டு அவர்கள் மரங்களுக்குள் மறைவதைப் பார்ப்பார். “அண்ணே, நீங்க மேல போயிருக்கீங்களா?” என்று யாராவது கேட்டால், ஆகாயத்தைக் காட்டி, “கூப்பிடும்போது போலாம்னு இருக்கேன். இப்ப என்ன அவசரம்?” என்பார். கேட்டவன் சிரிப்பான். அவர் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வண்டியைத் திருப்புவார். உட்கார்ந்தே செய்யும் வேலை, வேளை தவறிய சாப்பாடு. தொப்பை ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவர் மனைவி பல்செட்டு செய்கிறவர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாக வரிசைகட்டி, கடைசியில் சின்ன மோட்டாரில் தேய்த்து வழவழப்பாக்கித் திருப்பி அனுப்புவார். மூன்றாம் மாடியில் இருந்த வீட்டின் பின்னறைதான் பட்டறை. தெருவில் எல்லோருக்கும் அவர் பல்லக்கா. புதிதாகக் குடிவந்தவர்கள் பல்லக்கு என்று காதில் வாங்கிக்கொண்டு விழிப்பார்கள். “பல்லக்குன்னா தூக்க நாலு பேர் வேணும், என் பல்லக்காவுக்கு நான் ஒருத்தன் போதும்” என்று கணவர் சொல்வார். “தூக்குறதா? நீங்க எழுந்திரிக்கவே ரெண்டு பேர் வேணும்” என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

பட்டறை மேசை ஜன்னலோரம் இருந்தது. நுணுக்கமான வேலை, கண் பூத்துப்போகும். அப்போதெல்லாம் பல்லக்கா தலையை நிமிர்த்தித் தூரத்து மலையைப் பார்ப்பார். சாம்பலும் நீலமுமாக ஒரு பெரிய திமில். அதன் உச்சியில் காலையில் முதல் வெயில் விழும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி குனிவார். இப்படியே வருஷங்கள் ஓடின. மகள் படித்து முடித்து, வேறு ஊரில் பள்ளிக்கூட டீச்சராகிப் போனாள்.

பல்லக்காவுக்கு இருமல் முதலில் சளி மாதிரிதான் வந்தது. சளி போன பிறகும் இருமல் போகவில்லை. மாடிப்படியில் பாதியில் நிற்க ஆரம்பித்தார். நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். “வருஷக்கணக்கா அந்தத் தூசியைச் சுவாசிச்சிருக்கீங்க. பிளாஸ்டர், பல்லைத் தேய்க்கிறப்ப பறக்கிற பொடி எல்லாம். நுரையீரல் காஞ்ச ஸ்பாஞ்சு மாதிரி இறுகிட்டு வருது. பழையபடி ஆக்க முடியாதும்மா. வேகத்தைக் குறைக்கப் பாக்கலாம்.”

பல்லக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கணவர்தான் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியை வேறு வேறு மாதிரி கேட்டார். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பல்லக்கா தூரத்து மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்:

“ஏங்க, அந்த மலை உச்சியில ஏறி நின்னா அந்தப் பக்கம் என்ன தெரியும்?”

“எனக்கென்ன தெரியும்? நான் அடிவாரத்தோட சரி.”

“இத்தனை வருஷமா தினமும் அதுக்குக் கீழ போய் நிக்கிறீங்க. ஒரு தடவைகூட ஏறிப் பாக்கணும்னு தோணலையா?”

“ஏறினா இறங்கணுமே.”

மனைவி சிரிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னார். பல்லக்கா சிரிக்கவில்லை. “நான் ஏறணும்” என்றார். “கால் நடக்கிறப்பவே.”

மகள் போனிலேயே கத்தினாள். “அம்மாவுக்கு மாடிப்படியே முடியல. மலையா? ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப் போச்சா? அப்பா, நீங்களாவது சொல்லக்கூடாதா?”

“சொல்லிப் பாத்துட்டேன் கண்ணு. உங்கம்மா யாரு பேச்சைக் கேட்டிருக்கா?”

பல்லக்கா போனை வாங்கிக்கொண்டார். “இந்த வருஷம் எனக்குக் கால் இருக்கு. பாதி மூச்சும் இருக்கு. அடுத்த வருஷம் எது மிச்சமிருக்கும்னு உன்னால சொல்ல முடியுமா? சொல்லு, போகல.”

ஆச்சரியமாக, டாக்டர் ஒரேயடியாகத் தடுக்கவில்லை. நடப்பது நல்லதுதான், ஆனால் ஆமை மாதிரி நடக்க வேண்டும், உதடு நீலம் பூத்தால் உட்கார்ந்துவிட வேண்டும், உட்கார்ந்தும் சரியாகவில்லையென்றால் திரும்பிவிட வேண்டும் என்றார். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஒரு சின்னக் கருவியை வாங்கிக்கொள்ளச் சொன்னார். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண், உதட்டைக் குவித்து, எதிரில் எரியும் மெழுகுவத்தி அணையாமல் ஆட மட்டும் செய்கிற மாதிரி ஊதப் பழக்கினாள்.

பழகுவதற்கு வீட்டு மாடிப்படி இருந்தது. தினமும் சாயங்காலம் இருவரும் ஏறி இறங்குவார்கள். பல்லக்கா முன்னால், தண்ணீர் பாட்டில் நிறைந்த பையோடு கணவர் பின்னால். ஒவ்வொரு தளத்திலும் கதவைத் திறந்து யாராவது, “பரவாயில்லையே பல்லக்கா, நேத்தைக்கு இன்னிக்குத் தேவலையே” என்பார்கள். எல்லோருடைய காதும் அந்த ஒரு மூச்சின் மேல்தான் இருந்தது. பின்னால் வருகிறவரின் மூச்சை யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவிடாமல் வாயை இறுக மூடிக்கொண்டு வந்தார்.

நெஞ்சுக்குழியில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல இருக்கும். நின்றால் போய்விடும். வாயுத் தொல்லை என்று சோடா குடித்தார். ஏப்பம் வந்தது, அழுத்தம் போகவில்லை. ஒருநாள் இடது தோள்பட்டைகூடக் கடுத்தது. கியர் போடுகிற கை அது. அதனால் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். உள்ளுக்குள்ளே சந்தேகம் இல்லாமல் இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் ஆஸ்பத்திரி, பரிசோதனை, படுக்கை என்று ஆகிவிடும். அவளுடைய நல்ல மாதங்கள் அதில் கரைந்துவிடும். மலையை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

மழை ஓய்ந்து, வெயிலும் ஏறாத ஒரு நாளைப் பார்த்துக் கிளம்பினார்கள். முதல் பஸ். ஓட்டியவர் டெப்போ சிநேகிதர். “என்னப்பா கடைசி ஸ்டாப்பு, இன்னிக்கு டிக்கெட்டு எடுத்து வர்றே!” என்று அவர் சத்தம் போட, பயணிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தன் தடத்தில், பின்சீட்டில், மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து போவது அவருக்கு அதுதான் முதல் தடவை. எந்தத் திருப்பத்தில் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. பல்லக்கா சாய்வதற்கு முன்பே தோளைக் கொடுத்தார்.

பாதை முதலில் மரங்களுக்கு நடுவே சாதுவாகத்தான் போனது. பல்லக்கா தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். கொஞ்சம் நடப்பது, மூச்சு உடைகிற மாதிரி தெரிந்ததும், உடைவதற்கு முன்பே நிற்பது, மெழுகுவத்தியை ஊதுவது, விரலில் கருவியை மாட்டிப் பார்ப்பது, மறுபடி நடப்பது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் தாண்டிப் போனார்கள். ஒரு ஆபீஸ் கும்பல் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு, பாட்டும் கூச்சலுமாகக் கடந்தது. “அம்மா, நிதானமா வாங்க, மலை எங்கயும் ஓடாது” என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனான்.

“ஓடினாலும் நம்மளைவிட மெதுவாத்தான் ஓடும்” என்றார் பல்லக்கா.

ஓரிடத்தில் ஒரு வயசான மனிதர் எதிரே இறங்கி வந்தார். இவர்களைப் பார்த்து வாய் நிறையச் சிரித்து வணக்கம் சொன்னார். அவர் போன பிறகு பல்லக்கா கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“அது என் பல்லு.”

“என்னது?”

“மேல் வரிசையில முன்பல்லு ஒண்ணு லேசாத் திரும்பியிருக்கே, பாக்கலையா? அதை நான்தான் அப்படி வைப்பேன். எல்லாம் நேரா இருந்தா பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சிடும்.” மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். “என் பல்லு எனக்கு முன்னாடி மலை ஏறிட்டு வந்துடுச்சுங்க.”

அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. கணவரும் சிரித்தார். சிரித்தபோதே நெஞ்சில் அந்த முழங்கால் வந்து அமர்ந்தது.

மரங்கள் முடிந்து புல்லும் பாறையுமான சரிவு வந்தது. காற்று பலமாக அடித்தது. ஒரு பாறையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார்கள். கீழே ஊர் முழுவதும், கொட்டி வைத்த பல் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. பல்லக்கா கண்ணைச் சுருக்கித் தேடினார்.

“நம்ம ஜன்னல் தெரியுதா பாருங்க.”

“இங்கேர்ந்தா? தெருவே தெரியல.”

“அங்கேர்ந்து இது எவ்வளவு நல்லாத் தெரியும்!” என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அதற்கு மேல்தான் கஷ்டமான இடம். செங்குத்தான பாறை. பிடித்து ஏற இரும்புச் சங்கிலி அடித்திருந்தார்கள். பல்லக்கா சங்கிலியைப் பிடித்துத் தன்னை இழுத்துக்கொண்டு கொஞ்சம் ஏறினார். அப்படியே பாறையில் கன்னத்தை வைத்துச் சாய்ந்தார். உதடு நீலம் பூத்திருந்தது. கண்ணில் தண்ணீர். ஊதினார், ஊதினார். “போதும், இறங்கிடலாம்” என்று கணவர் சொல்லச் சொல்லத் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாமென்று. நிறம் திரும்பியதும் மறுபடி சங்கிலியைப் பிடித்தார். மெழுகுக்கும் மயிர்த்தூரிகைக்கும் பழகிய கை. துருப்பிடித்த சங்கிலி அதில் கோடு கோடாகத் தோலை உரித்தது. ஒரு நீளம், ஒரு நிறுத்தம், இன்னொரு நீளம் என்று அந்தப் பாறையை அவர் தின்று தீர்த்தார்.

மேலே ஒரு சமதளம். “வந்துட்டோம்!” என்று கையைத் தூக்கினார். ஆனால் அது உச்சி இல்லை, மலையின் தோள்தான். உச்சி அதற்கு அப்பால், பெரிய கஷ்டமில்லாத ஒரு மேட்டுப்பாதையின் முடிவில், கைக்கெட்டும் தூரம் போல நின்றது. முன்னால் போன ஆபீஸ் கும்பல் அங்கிருந்து படமெடுத்துவிட்டுத் திரும்பி வருவது தெரிந்தது.

“ஏங்க, இன்னும் கொஞ்சம்தாங்க. இதைப் போயிடுவேன். இது ஒண்ணுமே...” என்று திரும்பியவர் நிறுத்தினார்.

கணவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காற்றிலும் அவர் சட்டை வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. முகம் பிளாஸ்டர் நிறத்தில் இருந்தது. இடது கையை வலது கை தாங்கிப் பிடித்திருந்தது.

“என்னங்க செய்யுது?”

“ஒண்ணுமில்ல. வாயு.”

“எத்தனை நாளா இந்த வாயு?”

அவர் உச்சிப் பக்கம் கையைக் காட்டினார். “நீ போயிட்டு வா” என்றார். “பக்கத்துலதானே? நான் இங்கயே உக்காந்திருக்கேன். பாத்துட்டு வந்து சொல்லு. போ... போன்னா போ.”

பல்லக்கா உச்சியைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். இரண்டு மூன்று எட்டுகள் உச்சிப் பக்கம் வைத்தார் என்றுகூடச் சொல்லலாம். பிறகு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்னால முடியலங்க. மூச்சு சுத்தமா வரல. கீழ போயிடலாம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை மாதமாக ஒவ்வொரு படியிலும் பின்னால் வந்து கேட்ட மூச்சு அது. அப்போது அது சீராக வந்துகொண்டிருந்தது. உதட்டில் நீலம் இல்லை. விரலில் கருவியைப் பல்லக்கா மாட்டிப் பார்க்கவும் இல்லை. பொய் சொல்கிறாள் என்று தெரிந்தது. தெரிந்தும், அவருக்கு அப்போது பயமாக இருந்தது. “சரி” என்றார்.

ஆபீஸ் கும்பல் அவர்களிடம் வந்தபோது பாட்டு நின்றது. ஒருவன் அடிவாரத்துக்குப் போன் போட்டு ஸ்டிரெச்சர் கேட்டான். சங்கிலிப் பாறையில் மேலே இருவர் பிடிக்க, கீழே இருவர் தாங்க, அவரைக் குழந்தையை இறக்குவது போல இறக்கினார்கள். பிறகு கைகளைக் கோத்து இருக்கை மாதிரி செய்து நால்வர் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். அந்த நிலையிலும் அவர், “பாரு, பல்லக்கு எனக்குத்தான் கிடைச்சுது” என்று முனகினார். “வாயை மூடிக்கிட்டு வாங்க” என்றார் பின்னால் வந்த பல்லக்கா. பாதி வழியில் ஸ்டிரெச்சர் எதிரே வந்தது. பல்லக்கா அவ்வளவு தூரமும் நடந்தே இறங்கினார். அந்த அம்மாவுக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை.

மாரடைப்புதான். ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் மேலே போயிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும் என்று இருதய டாக்டர் மகளிடம் சொன்னார். மகள் வந்து இறங்கிய வேகத்தில் இரண்டு பேரையும் பிடித்துக் கத்தித் தீர்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள்.

பேசத் தெம்பு வந்த பிறகு அவர் மனைவியிடம் கேட்டார். “அங்க ஏன் பொய் சொன்னே?”

“என்ன பொய்?”

“முடியலன்னு.”

“முடிஞ்சுதுன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?”

“உன் மூச்சு எனக்குத் தெரியாதா?”

பல்லக்கா போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டார். “நெஞ்சுவலியை வாயுன்னு சொல்றவரெல்லாம் எனக்குப் பொய்யைப் பத்திப் பாடம் எடுக்க வேணாம். தூங்குங்க.”

அதற்குப் பிறகு அவருடைய உடம்பு தேறிக்கொண்டே வந்தது, மனைவியின் உடம்பு இறங்கிக்கொண்டே போனது. அவரைப் பஸ் ஓட்ட விடவில்லை. கொஞ்ச காலம் டெப்போவில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள், பிறகு வேலையை விட்டுவிட்டார். டாக்டர் சொன்னபடி தினமும் நடந்தார். தொப்பை கரைந்தது. தெருவில், “அண்ணே, பத்து வயசு குறைஞ்சிட்டீங்க” என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு யாரோ திருட்டுச் சாமானோடு தன்னைப் பிடித்துவிட்டது போலிருக்கும்.

வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. நாள் முழுவதும் உறுமிக்கொண்டிருக்கும். அதிலிருந்து நீளமான குழாய், பல்லக்கா போகிற இடமெல்லாம் பின்னாலேயே இழுபட்டு வரும். மோட்டாரைத் தொடக்கூடாது என்று ஆகிவிட்டது. கொஞ்ச நாள் மெழுகு வேலை மட்டும் செய்தார். பிறகு அதுவும் நின்றது. ஜன்னலோரத்து நாற்காலி மட்டும் மாறவில்லை.

ஒரு காலையில் அங்கே உட்கார்ந்தபடி கூப்பிட்டார்.

“ஏங்க... உங்களால இப்ப ஏற முடியுமில்ல?”

“டாக்டர் ஏறலாம்னுதான் சொல்றார்.”

“அப்ப போயிட்டு வாங்க. அந்தப் பக்கம்... என்ன இருக்குன்னு... பாத்துட்டு வந்து சொல்லுங்க.” ஒரு வாக்கியத்துக்கு இப்போது இரண்டு மூன்று மூச்சு தேவைப்பட்டது.

பக்கத்து வீட்டு அம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு அவர் போனார். மரங்களுக்கு நடுவே நடந்தார், சரிவில் நடந்தார், சங்கிலியைப் பிடித்து ஏறினார். முழங்கால் நடுங்கியது, தொடை எரிந்தது. நெஞ்சு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. மலையின் தோளில் போய் நின்றார். அவள் வந்து உட்கார்ந்த அதே இடம். எதிரே உச்சி. தெளிவான நாள், வழியில் ஆளே இல்லை.

அவரால் அதற்கு மேல் போக முடியவில்லை. உடம்பு தயாராகத்தான் இருந்தது. ஒரு காலை எடுத்து வைக்கப் பார்த்தார். தன்னால் நின்றுபோனவளைத் தாண்டிக்கொண்டு போவது போலிருந்தது. உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிவிட்டார்.

பல்லக்கா அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார். “என்ன தெரிஞ்சுது?”

“அதே இடம் வரைக்கும்தான் போனேன். நீ பாக்காததை நான் மட்டும் எப்படிப் பாக்குறது? மனசு வரல.”

அவள் நெகிழ்ந்துபோவாள் என்று நினைத்திருந்தார். பல்லக்காவின் முகம் சிவந்தது. மெஷின் உறுமலுக்கு மேல் கேட்க வேண்டுமென்று குரலைக் கூட்டினார். அது இருமலில் போய் முடிந்தது. இருமல் நின்ற பிறகு சொன்னார்:

“நான் போகலன்னா... அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. நீங்க போகாததுக்கு... என்ன காரணம்? எனக்காகன்னு... சொல்லாதீங்க. எனக்காகன்னா... போயிருக்கணும். நான் கேட்டது... ஒண்ணே ஒண்ணு.”

அன்றைக்கு முழுவதும் அவரிடம் பேசவில்லை. மறுநாள் அவர் கொண்டுவந்த கஞ்சியை வாங்கிக் குடித்துவிட்டு, “சரி விடுங்க, அடுத்த வாரம் போங்க” என்றார். அவரும் போவதாகத்தான் இருந்தார். அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பாதையில் மண் சரிந்து, அடிவாரத்தில் தடுப்பு வைத்து மூடிவிட்டார்கள். மழை விட்டு விட்டுப் பெய்தது. ஜன்னலில் மலையே தெரியவில்லை, வெறும் வெள்ளை. அந்த மழை முடிவதற்குள், ஒரு மத்தியானம், மகள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் கையைப் பிடித்திருக்க, பல்லக்கா போய்விட்டார். யாரோ மெஷினை நிறுத்தினார்கள். அந்த வீடு அவ்வளவு நிசப்தமாக இருக்க முடியும் என்பதை அவர் மறந்தே போயிருந்தார்.

பாதையைத் திறந்துவிட்டார்கள் என்று டெப்போ சிநேகிதர் சொன்னபோது அவர் முதலில் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்தார். இனி யாருக்காக? ஆனாலும் ஒரு காலையில் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ்ஸில் ஏறினார்.

இந்தத் தடவை மலையின் தோளில் அவர் நிற்கவே இல்லை. நின்றால் உட்கார்ந்துவிடுவோம் என்று தெரியும். தலையைக் குனிந்துகொண்டு மேட்டுப்பாதையில் நேராக நடந்தார். மாரடைப்பு வந்த மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அப்படி ஒரு நடை. பாதை முடிந்தபோதுதான் நிமிர்ந்தார்.

அந்தப் பக்கம் கீழே ஒரு ஏரி இருந்தது. நினைத்ததைவிடப் பெரிது. பாதி நிழலில் கறுப்பாகவும் பாதி வெயிலில் தகரம் மாதிரியும் கிடந்தது. அதற்கு அப்பால் இன்னும் மலைகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, போகப் போக வெளிறிக்கொண்டே. ஏரியைச் சுற்றி ஒரு ரோடு. அதில் பூச்சி மாதிரி ஒரு பஸ் ஊர்ந்து போனது. அங்கேயும் ஒருத்தன் ஓட்டிக்கொண்டு போகிறான் என்று நினைத்தார். அவருக்குக் கீழே, பறவைகளின் முதுகு தெரிந்தது. பறவையை முதுகுப் பக்கமாக அவர் அதுவரை பார்த்ததில்லை. இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். ஏரியின் நிறத்தையும், பஸ்ஸையும், உச்சியில் யாரோ மறந்துவிட்டுப் போயிருந்த ஒற்றைக் கையுறையையும், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் மனசுக்குள் அடுக்கிக்கொண்டார். சொல்லும்போது எதை முதலில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டார். அப்புறம்தான் உறைத்தது. காற்று அடித்துக்கொண்டே இருந்தது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாயவில்லை. கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, கைகால் கழுவினார். என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்தின் நடுவே நின்றார். போன் அடித்தது. மகள்.

“எங்கப்பா போயிருந்தீங்க? காலையிலேர்ந்து அடிக்கிறேன்.”

“மலைக்குப் போயிருந்தேன் கண்ணு.”

அவள் கத்தவில்லை. மெதுவாகக் கேட்டாள். “உச்சிக்கா?”

“ம்.”

“அந்தப் பக்கம் என்னப்பா இருக்கு?”

“ஒரு ஏரி...” என்று ஆரம்பித்தார். அவளிடம் சொல்ல அடுக்கி வைத்தது எல்லாம் கலைந்துபோனது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுமுனையில் மகள் போனை வைக்காமல், அவர் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.